சவேரியார் பதிவு செய்த கம்ப்யூட்டர்

கிறிஸ்துராஜுக்கு வாழ்க்கையில் வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: வானகரத்துக்கு மாற்றல். வீடு வானகரத்தில். அவர் நூலகராக இருக்கும் கிளையோ ஆவடியையும் தாண்டி. பஸ்ஸில் நசுங்கி, ரயிலில் நசுங்கி வந்து சேர்வதற்குள் மனிதருக்குப் பாதி உயிர் போய்விடும். வானகரத்து நூலகர் ஓய்வு பெறப் போகிறார் என்று காதில் விழுந்த அன்றே மனு போட்டுவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தானா நூலகத்துக்கு மூன்று கம்ப்யூட்டர் வந்து இறங்க வேண்டும்? பொதுமக்கள் பயன்படுத்தவாம். பொதுமக்கள் என்றால் யார்? பஜ்ஜி தின்ற கையைத் துடைக்காமல் வருகிறவர்கள். ஒரு கீறல் விழுந்தாலும் பொறுப்பை ஒப்படைக்கும்போது விசாரணை, விளக்கக் கடிதம், மாற்றல் அம்போ. ஆகவே திரைமேல் கம்பெனிக்காரன் ஒட்டியனுப்பிய பிளாஸ்டிக் தாளைக்கூட அவர் பிரிக்கவில்லை. அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் கைப்பிடியிலேயே வாங்கிய நாளிலிருந்து உறை இருக்கிறது. அரசாங்கச் சொத்தில் பிரிப்பாரா?

ஆனால் சும்மா கிடந்தால் ஏன் கிடந்தது என்று மேலிடம் கேட்கும். அதற்கும் வழி கண்டுபிடித்தார். முன்பதிவு ஆன்லைனில் மட்டும் என்று பலகை மாட்டினார். கம்ப்யூட்டர் இல்லாதவன் கம்ப்யூட்டரைத் தொட முதலில் ஒரு கம்ப்யூட்டர் தேட வேண்டும், என்ன மூளை பாருங்கள். அதையும் மீறி யாராவது வந்துவிட்டால்? தினமும் காலையில் எல்லா நேரத்தையும் தானே பதிவு செய்துவிடுவார். பத்து மணிக்கு அந்தோணி, பதினொன்றுக்கு சவேரியார், பன்னிரண்டுக்கு செபஸ்தியார். புனிதர்கள் தீர்ந்ததும் மனைவி வீட்டு உறவுகள்.

நர்சிங் முடித்த ரோஷினி ஒரு வாரமாக நடையாய் நடந்தாள். ஆஸ்பத்திரி வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும், போனில் அந்தப் பக்கம் திறக்கவில்லை.

“மூணும் சும்மாத்தானே கீது சார்?”

“சும்மா இல்லம்மா. சவேரியார்னு ஒருத்தர் புக் பண்ணிகிறாரு. வருவாரு.”

“நானும் டெய்லி வந்துகினு கீறேன். அவரு வந்தாமாரியே தெரியலியே.”

“பெரிய மனுசங்க, லேட்டாத்தான் வருவாங்க.”

“சரி சார். நான் மேல எழுதிப் போட்டுக்கிறேன்,” என்று அவள் போய்விட்டாள்.

அடுத்த வாரமே மாவட்ட அலுவலகத்திலிருந்து சாவித்திரி மேடம் போனில் கூப்பிட்டார்.

“உங்க கிளை மேல புகார் வந்திருக்கு. எப்ப வந்தாலும் இடமே கிடைக்கலையாம்.”

“மேடம், அது வந்து…”

“நானும் பதிவைத் திறந்து பார்த்தேன், அசந்துட்டேன். ஒரு மணி நேரம்கூடக் காலி இல்ல. மாவட்டத்துலயே உங்க கிளைலதான் இவ்ளோ கூட்டம்.”

கிறிஸ்துராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனி மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே போகலாம் என்றுகூட நினைத்துவிட்டார்.

“அதனால வானகரத்துக்கு வேற ஆளைப் போட்டாச்சு. இந்தக் கூட்டத்தைச் சமாளிக்கிற உங்களை அங்கேர்ந்து எடுத்தா ஜனங்க சும்மா விடுவாங்களா? இனிமே ஞாயித்துக்கிழமையும் தெறந்து வைங்க. முன்பதிவெல்லாம் வேணாம், வர்றவங்க வரிசையில உக்காரட்டும்.”

அந்தக் கூட்டம் முழுக்க நான்தான் மேடம் என்று சொல்ல முடியுமா? சொன்னால் வேலையே இருக்காது. “நன்றி மேடம்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையைப் பாதியில் விட்டுவிட்டு, வழக்கம்போல் நசுங்கி வந்து கதவைத் திறந்தார். ரோஷினி வாசலில் நின்றிருந்தாள். அந்த ஆஸ்பத்திரி வேலைக்குக் கடைசித் தேதி முடிந்துபோயிருந்தது. வேறொன்றுக்கு வந்திருந்தாள். நேராகப் போய் உட்கார்ந்து, திரையின் ஓரத்தில் நகத்தை விட்டாள்.

“அத்தப் பிரிக்காதம்மா,” என்றார் கிறிஸ்துராஜ்.

“எழுத்து தெரியல சார்.” ஒரே இழுப்பில் சர்ரென்று உரித்து, தாளை அவர் கையில் கொடுத்தாள். “சவேரியார் வந்தா குடுத்துருங்க.”