கூப்பிடுங்க என்றொரு பச்சைப் பொத்தான்

சின்னவளுக்குப் பாம்பு என்ற சொல்லே ஆகாது. பேச்சுவாக்கில் யாராவது சொல்லிவிட்டால் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலேயே காலைத் தூக்கி மடித்துக்கொள்வாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த அக்கா புருஷன் பாம்பு பிடிக்கிறவர். சுற்றியுள்ள கிராமங்களில் வீடு, கிடங்கு, கோழிப்பண்ணை என்று எங்கே பாம்பு புகுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பிடித்ததை வீட்டுப் பக்கமே கொண்டுவரக் கூடாது என்பது, அவள் அக்கா வீட்டில் தங்க வந்த அன்றே போட்ட நிபந்தனை. "ஒரு பாம்புக்குக்கூட நம்ம வீட்டு விலாசம் தெரியாது, போதுமா?" என்று மாமா சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

அவளுடைய தொழில், சின்ன வியாபாரங்களுக்கு இணையப் பக்கம் செய்து கொடுப்பது. தீவனக் கடை, மோட்டார் ரிப்பேர், நாற்றுப்பண்ணை, எல்லாமே கிராமத்துக் கடைகள். பெரிய வித்தை ஒன்றும் காட்ட மாட்டாள். எழுத்தைப் பெரிதாக்குவாள், படங்களின் எடையைக் குறைப்பாள், போன் நம்பரைத் தேட வைக்காமல் கண்முன்னால் வைப்பாள். சிக்னல் இழுத்து இழுத்து வரும் இடத்தில்கூடப் பக்கம் சட்டென்று திறக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கணக்கு. ஊருக்கெல்லாம் செய்கிறாயே, உன் மாமாவுக்குச் செய்ய மாட்டாயா என்று அக்கா நச்சரித்துக்கொண்டே இருந்தாள்.

மாமாவின் பழைய பக்கம் ஒரு சிநேகிதர் ஓசியில் செய்து கொடுத்தது. கறுப்புப் பின்னணி, சிவப்பு எழுத்து, திறந்ததும் திரை முழுக்கப் படமெடுத்துச் சீறும் நாகத்தின் வீடியோ. அது முழுசாக வந்து சேர்வதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். அதற்குக் கீழே, பாம்பைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று மாமா வாயால் சொல்லச் சொல்ல அந்தச் சிநேகிதர் அடித்த நீளக் கட்டுரை. அதில் பத்தியும் கிடையாது, புள்ளியும் கிடையாது.

கடைசியில் அவள் ஒத்துக்கொண்டாள். வீடியோ வரும் இடத்தை அக்கா ஓர் அட்டையால் மறைத்துப் பிடிக்க, மிச்சத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்து வேலையை முடித்தாள். வெள்ளைப் பின்னணி, மாமா போகும் ஊர்களின் பெயர்கள், கையில் பாம்பில்லாமல் வெறும் பிடிகொக்கியோடு சிரிக்கும் மாமா. நீளக் கட்டுரையைத் தூக்கிவிட்டாள். இதை யார் உட்கார்ந்து படிக்கப்போகிறார்கள், பிறகு சுருக்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். திரையின் அடியில், பெருவிரல் படும் இடத்தில், "கூப்பிடுங்க" என்று பச்சையாக ஒரு பொத்தான் வைத்தாள். பக்கம் கண் சிமிட்டுவதற்குள் திறந்தது. மாமா திறந்து திறந்து பார்த்துப் பூரித்துப்போனார்.

பக்கம் வெளியான மறுநாள் காலை, மாமா ஒரு தீவனக் கிடங்குக்குப் போயிருந்தார். அக்கா சமையலறையில் இருந்தாள். சின்னவளின் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"அண்ணா, பாம்பு பிடிக்கிற அண்ணாவா?" பெண் குரல். கிசுகிசுவென்று வந்தது.

"நீங்க எந்த நம்பருக்கு அடிச்சீங்க?"

"பச்சையா ஒரு பட்டன் இருந்துச்சு, அதைத்தான் அமுக்கினேன். அண்ணா இல்லையா? என் பிள்ளை உள்ள தூங்குதுக்கா. பாம்பும் உள்ளதான் இருக்கு."

சின்னவளுக்குத் திடுக்கென்றது. பாம்பு என்றதற்குப் பாதி, பட்டன் என்றதற்கு மீதி. பொத்தான் வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்க அதில் தன் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் மாமாவின் நம்பர் இருந்தது. அமுக்கினால் போகும் நம்பரை மாற்ற மறந்துவிட்டாள்.

"ஒரு நிமிஷம், வைக்காதீங்க," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அக்கா கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். விஷயத்தைக் கேட்டுத் தன் போனில் மாமாவைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"அந்த மனுஷன் போனை வண்டியிலயே போட்டுட்டுக் கிடங்குக்குள்ள இருப்பார். நான் நேர்ல போய்க் கூட்டிட்டுப் போறேன். எந்த இடம்னு கேளு."

செங்கல் சூளையைத் தாண்டி, கால்வாய்க்கு இந்தப் பக்கம், தனி வீடு, நீலக் கதவு என்று அந்தப் பெண் சொன்னாள். அக்கா ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"நீ போனை மட்டும் வைக்காத. பேசிட்டே இரு."

"நான் என்னத்தக்கா பேசுவேன்?"

"எதையாவது பேசுடி. அங்க அவ தனியா நிக்கிறா."

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. வீட்டில் சின்னவளும் போனும் மட்டும். காதில் அந்தப் பெண்ணின் மூச்சு, ஓடி வந்தவளுடையதுபோல.

"ஆள் கிளம்பியாச்சும்மா. வீட்ல வேற யாரும் இல்லையா?"

"அவரு லாரிக்குப் போயிருக்காரு. பக்கத்துல வீடே கிடையாது."

"பாம்பு எங்க இருக்கு?"

"கதவுக்கு உள்பக்கம், வலது கைப்பக்கத்துச் சுவரோரமா, தண்ணி டிரம்முக்கு முன்னாடி சுருண்டு கிடக்கு. பிள்ளை எதிர்ச் சுவர்ல, ஜன்னலுக்குக் கீழ, மெத்தைல கிடக்கு. நான் வாசல்ல நிக்கிறேன். துணி காயப்போட்டுட்டு வந்து பார்த்தா இப்படி. அக்கா, நான் என்ன பண்ணணும்? உங்க வெப் பக்கத்துல தேடிப் பார்த்தேன், ஒண்ணுமே போடலையே."

ஒண்ணுமே போடலையே என்ற சொல் சின்னவளின் நெஞ்சில் இறங்கியது. போட்டிருந்தது. இவள்தான் எடுத்தாள்.

அந்தக் கட்டுரையில் ஒரு வரியாவது நினைவுக்கு வருமா என்று பார்த்தாள். படித்திருந்தால்தானே வரும். பழைய பக்கத்தின் நகல் கணினியில் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அதைத் திறந்தாள்.

முதலில் கறுப்புத் திரை. பிறகு அது வந்தது. இப்போது பிடித்துக்கொள்ள அக்காவும் இல்லை, அட்டையும் இல்லை. திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை விரிந்த படம், அதற்கு நடுவில் அசையாத இரண்டு கண்கள், வெளியே வந்து உள்ளே போகும் நாக்கு. சின்னவளின் கால்கள் தாமாகவே மேலே ஏறிக்கொண்டன. மவுஸை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டாள். வீடியோ ஓடி முடியும்வரை பக்கம் கீழே நகராது என்பது அவளுக்குத் தெரியும். இதைச் செய்தவனைத் திட்டிக்கொண்டே பார்த்தாள். கண்ணை மூடினால் பக்கம் எப்போது நகரும் என்று தெரியாது. அதனால் மூடவில்லை.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. இங்கயேதான் இருக்கேன்."

பக்கம் நகர்ந்தது. சிவப்பு எழுத்தில் மாமா பேசிக்கொண்டே போனார். பாம்பு உங்க வீட்டுக்கு விருந்தாளியா வரல எலியத் தேடி வந்துருக்கு அது உங்களப் பாத்து பயந்துதான் கிடக்கு ஒருதடவ ஒரு பண்ணையில நான் பாத்தப்ப... கதை கதையாகப் போனது. பண்ணைக்காரர் கட்டிலில் ஏறி நின்றது, கட்டில் உடைந்தது. மாமா, கதையை விட்டு விஷயத்துக்கு வாங்களேன் என்று சின்னவள் பல்லைக் கடித்தாள். கண் வரிக்கு வரி தாவியது.

"கம்பு எடுக்காதீங்க," என்று கிடைத்ததைப் படித்தாள். "தண்ணி ஊத்தாதீங்க. எதையும் தூக்கிப் போடாதீங்க. அது மேல இருந்து கண்ணை எடுக்காதீங்க. நீங்க கிட்டப் போகலைன்னா அதுவா வந்து கடிக்காது."

"பிள்ளை முழிச்சுக்கிச்சுக்கா."

சின்னவளின் விரல் நின்றுவிட்டது.

"தவழுமா?"

"தவழும். இப்பல்லாம் வேகமாத் தவழும். என்னைப் பார்த்துச் சிரிக்குது. என்கிட்ட வரணும்னா அது பக்கமாத்தானே வரும்."

குழந்தை இருக்கும் அறையில் என்ன செய்வது என்று மாமா எங்கேயாவது சொல்லியிருப்பாரா? மேலிருந்து கீழ்வரை ஓட்டினாள். இல்லை. ஒரே ஒரு வரிதான் உதவும்போல இருந்தது. அதுக்கு கையா காலா இருந்த இடத்துல இருந்து அது எட்டுறது ஒடம்பு நீளத்துல பாதிகூட வராது.

"பாம்பு எவ்வளவு நீளம் இருக்கும்?"

"சுருண்டுல்ல கிடக்கு. என் உயரம் இருக்காது. நெஞ்சு வரைக்கும் இருக்கும்."

"அறை எவ்வளவு அகலம்? அதுக்கும் இடதுபக்கச் சுவருக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்கு?"

"ஒரு கட்டில் நீட்டுவாக்குல போடலாம். அதுக்கு மேலயும் கொஞ்சம் இருக்கும்."

கணக்குச் சரியாகத்தான் வந்தது. ஆனால் அதை வாயால் சொல்ல வேண்டுமே. தான் வாழ்நாளில் நுழையத் துணியாத ஓர் அறைக்குள், இன்னொருத்தியைப் போ என்று சொல்ல வேண்டும். சொல்லி, ஏதாவது ஆகிவிட்டால்? சொல்லாமல் விட்டு, குழந்தை தவழ்ந்துவிட்டால்?

"இடதுபக்கச் சுவர்ல முதுகை ஒட்டிக்கிட்டுப் போங்க," என்றாள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "ஓடாதீங்க. காலை மெதுவா வைங்க. தரை அதிரக் கூடாது. பிள்ளையைத் தூக்கினதும் அதே வழியாத் திரும்பி வாங்க."

"நிச்சயமாவாக்கா?"

"நிச்சயமா," என்றாள் சின்னவள். நிச்சயம் ஒன்றும் இல்லை.

போனைக் கையில் வைத்துக்கொண்டே அந்தப் பெண் நகர்ந்தாள் போலிருக்கிறது. துணி சுவரில் உரசும் சத்தம் வந்தது. கொஞ்சம் உரசல், பிறகு ஒன்றுமில்லை. மறுபடி உரசல். குழந்தை ஏதோ மழலையில் கூப்பிட்டது, அம்மா விளையாட வருகிறாள் என்று நினைத்திருக்கும். சின்னவள் மூச்சு விடாமல் இருந்தாள். தான் மூச்சு விட்டால்கூட அங்கே கேட்டுவிடும் என்று பயமாக இருந்தது.

"தலையைத் தூக்குது," என்றது குரல், காற்றைப்போல.

அதன்பின் டக்கென்று ஒரு சத்தம். எதுவோ தரையில் விழுந்தது. குழந்தை வீறிட்டது. இணைப்பு அறுந்தது.

சின்னவள் திரும்ப அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எத்தனை தடவை என்று அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை ஓய்ந்ததும் விரல் தானாகவே அழுத்தியது. எதிரே திரையில் பக்கம் எப்படியோ மேலே ஏறிப்போய், நாகம் திரும்பவும் சீற ஆரம்பித்திருந்தது. இந்தத் தடவை அதைப் பார்த்தும் அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. சுவரோரம் நடந்துபோன அந்தப் பெண்ணை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது. என் பேச்சைக் கேட்டுப் போனாள், என்பதே திரும்பத் திரும்ப ஓடியது.

மாமாவின் போனிலிருந்து அழைப்பு வந்தபோது முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க," என்று முதலில் அதைத்தான் சொன்னார் மாமா. "நாங்க வந்தப்ப அந்தப் பொண்ணு பிள்ளையோட வயக்காட்டு நடுவுல நின்னுட்டிருந்தா. பிள்ளையத் தூக்குறப்ப போனை நழுவ விட்டுட்டா, அவ்வளவுதான். ஒரு கீறல் இல்ல."

சின்னவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் அழுகையும் வந்தது.

"நீ ஏன் இப்படி விடாம அடிச்ச? போன் தரைல கிடந்து துடிச்ச துடிப்புல பாம்பு பயந்துபோய் டிரம்முக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிச்சு. அதை வெளிய எடுக்குறதுக்குள்ள எனக்கு இடுப்பு கழண்டுடுச்சு." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "நல்லபாம்புதான். பெருசு."

அவள் பொத்தானைப் பற்றிச் சொன்னாள். கட்டுரையைப் பற்றியும் சொன்னாள். மறைக்க நினைத்தாலும் அன்றைக்கு அவளால் முடிந்திருக்காது. எதற்கும் ஏதாவது ஒரு வேடிக்கை சொல்கிற மாமா இதற்கு வேடிக்கை சொல்லவில்லை.

"மாத்திடு," என்றார். "இப்பவே மாத்திடு. நான் வர்றவரைக்கும் காத்திருக்காத."

மாற்றினாள். நம்பரை மாற்றி, பக்கத்து வீட்டுக்காரரின் போனை வாங்கி அமுக்கிப் பார்த்து, மாமா எடுத்து "ம், எனக்குத்தான் வருது" என்று சொன்ன பிறகும் இன்னொரு முறை அமுக்கிப் பார்த்தாள். பொத்தானுக்கு மேலே பெரிய எழுத்தில் நாலே வரி எழுதினாள். குழந்தை இருக்கும் அறைக்கு என்ன எழுதுவது என்று சாயங்காலம் மாமாவைக் கேட்டாள். "எழுதி வைக்க முடியாதும்மா. அறைக்கு அறை மாறும். உடனே கூப்பிடுங்கன்னு போடு," என்றார். நீ அந்தப் பெண்ணை உள்ளே போகச் சொன்னது சரியா தப்பா என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

ஊரில் இன்னும் எத்தனையோ கடைகளின் பக்கங்களில் அவள் எதை எதையோ எடுத்திருந்தாள், எதை எதையோ பிறகு போடலாம் என்று விட்டிருந்தாள். அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொரு பொத்தானையும் அமுக்கிப் பார்த்தாள். தீவனக் கடைக்காரர் தூக்கக் கலக்கத்தில் எடுத்து, "என்னம்மா, ஆர்டரா?" என்று கேட்டார்.

மறுநாள் வெயில் ஏறிய நேரம். நாற்றுப்பண்ணைக்காரரின் செடிப் படங்களைச் சுருக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அந்த நம்பர்தான்.

"மறுபடியுமா?"

"இல்லக்கா, இல்லக்கா. ஒண்ணுமில்ல." அந்தப் பெண் தயங்கினாள். "ராத்திரியெல்லாம் வெளியிலயே உக்காந்திருந்தோம். இப்ப அந்த ரூமைக் கூட்டணும். டிரம்மை நகர்த்தணும். தனியாப் போக முடியல. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றாள் சின்னவள்.

போனை மேஜைமேல் வைத்து, சத்தத்தைக் கூட்டினாள். துடைப்பம் தரையில் இழுபடும் ஓசை கேட்டது. குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. பிறகு டிரம் கரகரவென்று நகர்ந்தது. சின்னவள் கால்களை நாற்காலியில் மடித்து வைத்துக்கொண்டு, செடிப் படங்களை அப்படியே விட்டுவிட்டு, அந்தப் பெண் அடுத்து ஏதாவது சொல்கிறாளா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.