இங்கே செய்த நாற்காலிகள்

பொளேரென்று விழுந்த அறையில் திருமலையின் காது கொய்யென்றது. அவன் சுரண்ட மறந்த ஒரே ஒரு மலேசியா ஸ்டிக்கரை நாற்காலியின் அடியிலிருந்து பிய்த்து அவன் நெற்றியிலேயே ஒட்டினார் முதலாளி வேணுகோபால்.

"ஆபீசர் வந்துகினு கீறாரு. இத்தப் பாத்தாருன்னா ஆர்டரே கேன்சலு. அப்பறம் இன்னாத்த துன்னுவ?"

சர்க்கார் கல்லூரிக்குப் போகிற நாற்காலிகள். உள்நாட்டு மரத்தில், ஆர்டர் எடுத்தவரின் சொந்தப் பட்டறையிலேயே செய்திருக்க வேண்டும் என்பது விதி. வேணுகோபாலுக்கு விதியாவது மண்ணாங்கட்டியாவது! அத்தனையும் சென்னைத் துறைமுகத்திலிருந்து லாரியில் வந்து இறங்கியவை. பட்டறை ஆட்களைப் போன தீபாவளிக்கே துரத்திவிட்டு, ஸ்டிக்கர் சுரண்டத் திருமலையை மட்டும் வைத்துக்கொண்டார். இன்றைக்கு ஆபீசர் கண்ணுக்குப் பட்டறை நிறைய ஆள் வேண்டுமாம். அவசரத்துக்குக் கிடைத்த நாலைந்து பேரில் ஒருவன் கோபிநாத், திருமலையின் தங்கை புருஷன். நெய்யப் பாவு நூல் வராமல் அவன் தறி சும்மாக் கிடந்தது.

"மாப்ள, இந்தப் பழைய பலகையத் தள்ளிகினே இரு, போதும். கைய மட்டும் ரம்பத்துகிட்ட கொண்டு போயிடாத" என்று திருமலை படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

ஆபீசர் வந்து நின்றதும் ரம்ப மிஷின் அலறியது. கோபிநாத் ஒழுங்காகத்தான் தள்ளினான். பலகையில் ஒட்டியிருந்த கோணிச் சணல் ஒன்று ரம்பத்தில் மாட்டி, இழுபட்டு, பட்டென்று அறுந்தது. அறுந்த இழையைக் கண்டால் பிடித்து முடிகிற கை அது. விவரம் தெரிந்த நாளிலிருந்து தறியில் கிடந்த கை, கேட்டுக்கொண்டா போகும்? போய்விட்டது.

ஆபீசரின் வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம். கோபிநாத் ரம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஐயோ, மாப்ள!" என்று ஓடிய திருமலை மிஷினை நிறுத்தி, சட்டையைக் கழற்றி அந்தக் கையில் சுற்றினான். துண்டாகி மரத்தூளில் கிடந்த இரண்டு விரல்களையும் துண்டில் பொறுக்கி முடிந்துகொண்டான். தங்கை முகத்தில் இனி எப்படி முழிப்பான்? அந்தக் கையை நம்பித்தானே அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது!

வேணுகோபால் ஆபீசர் பக்கம் குனிந்தார். "வேலை நடக்கற எடத்துல இதெல்லாம் சகஜம் சார். இங்கதான் செய்யறோம்னு கண்ணாலயே பாத்துட்டீங்க." சிரிக்கவும் செய்தார், படுபாவி. பிறகு திருமலையின் கழுத்தைப் பிடித்து அழுத்தினார். "ஆமான்னு சொல்றா. ஆஸ்பத்திரி செலவு என்னுது."

திருமலை அவர் கையை உதறினான். சுத்தியலை எடுத்தான். அவர் மண்டைக்கு ஓங்கியதுதான். எப்படியோ நாற்காலியின் மேல் இறங்கியது. மறுபடி ஓங்கினான். மறுபடியும். பிளந்த பலகைக்குள் மரமே இல்லை. தூளை அழுத்திச் செய்த அட்டை பொலபொலவென்று உதிர்ந்தது.

"எல்லாம் கப்பல்ல வந்தது சார்! ஸ்டிக்கர் சொரண்டறதுதான் இங்க வேலை. இவன் நெசவுக்காரன் சார்!"

வேணுகோபால் ஒரு கட்டையை எடுத்து அவன் முதுகில் போட்டார். ஆபீசர் ஜீப்பை நோக்கி நடந்தார். திருமலை இருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. கோபிநாத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினான்.

ஆட்டோ குலுங்கியது. சட்டைத்துணி நனைந்து சொட்டியது.

"வலிக்குதா மாப்ள?"

கோபிநாத் ஆட்டோக் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தான். துணிக்கு வெளியே நீட்டியிருந்த கட்டைவிரல் மட்டும், இழை முடிவதுபோல, பக்கத்தில் இல்லாத விரலைத் தேடி உரசிக்கொண்டே வந்தது.