பட்டி பார்த்த பெயர்

தலைவர் ஸ்டூல்மேல் ஏறி நின்று அவளுடைய அப்பாவின் பெயரைத் திருப்புளியால் தோண்டிக்கொண்டிருந்தார். பாதிப் பெயர் வெளியே வந்துவிட்டது. அப்பாவின் சவப்பெட்டி வீட்டிலிருந்து கிளம்பியாயிற்று. பூவெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க முன்னால் ஓடி வந்த மகள் தேவாலய வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணே, இறங்குங்க."

"மரியாதை பண்றோம், தங்கச்சி. யாருக்கும் சொல்லாம சஸ்பென்ஸா வெச்சிருந்தேன்."

கோயில் கமிட்டித் தலைவர் அவர். மைக் கிடைத்தால் விடமாட்டார். ஞானஸ்நான வீட்டிலேயே இரங்கல் உரை ஆற்றியவர்.

பக்கச் சுவரில் இருந்தது போரில் மாண்ட ஊர்க்காரர்களின் கல். அதில் இருந்தவர்கள் எல்லாரும் ஒழுங்காக மாண்டவர்கள், மூன்றாவது ஆளான அவளுடைய அப்பாவைத் தவிர. கல் திறந்த சில மாதத்தில் அவர் பஸ்ஸில் வந்து இறங்கி, ஊரைப் பெரிய சங்கடத்தில் மாட்டிவிட்டார். கப்பல் ஏற வேண்டிய நாளில் மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். அவருடைய இடத்தில், அவருடைய பெயரில் ஏறியவர் அவருடைய சிநேகிதர். கப்பல் கரை சேரவில்லை. சிநேகிதரின் பெயரைப் பிறகு கல்லின் அடியில், கிடைத்த இடத்தில், பொடி எழுத்தில் வெட்டினார்கள். மூன்றாவது பெயரை எடுக்க வேண்டுமென்றால் கல்லையே மாற்ற வேண்டும். கமிட்டி யோசித்தது. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

அப்பா பெயின்டர். சுவர்ப் பள்ளம் அடைக்கும் பட்டியை வைத்துத் தன் பெயரைத் தானே மூடினார். மழைக்காலத்தில் சுவர் ஊறிப் பட்டி உதிரும். மழை விட்டதும் மறுபடி மூடுவார். போன வாரம் படுக்கையில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்தக் கல்லுல என் பேரு தெரியக் கூடாது. அவ முன்னாடி தெரியக் கூடாது."

அவள் என்றால் சிநேகிதரின் மனைவி. கல்லுக்குப் பக்கத்தில், முதல் பெஞ்சில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இப்போதும் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பாவுக்கு இது பிடிக்காதுண்ணே."

"அவர் உயிரோட இருந்தப்ப பேரு இருந்தது தப்பு. இப்பதான் போயிட்டாரே, கணக்கு நேராயிடுச்சு," என்று தலைவர் அடுத்த எழுத்தில் திருப்புளியை வைத்தார்.

தெருமுனையில் பெட்டி திரும்புவது சன்னல் வழியாகத் தெரிந்தது. காரணத்தைச் சொல்லலாம். கிழவிக்கு முன்னால் எப்படிச் சொல்வது? மகள் ஸ்டூலின் காலைப் பிடித்தாள். இழுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"தம்பி," என்றாள் கிழவி, திரும்பாமலே. "வாசல்ல உன் மைக் கத்தவே இல்லியே. யாராவது பிடுங்கிட்டாங்களா?"

தலைவர் இறங்கி வாசலுக்கு ஓடிய வேகத்தில் திருப்புளி கீழே விழுந்தது.

கிழவி எழுந்து பீடத்தில் எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்தியை எடுத்து வந்தாள். "ஏறு. எனக்கு முட்டி மடங்காது."

"அத்தை..."

"ஏறுடி, வந்துட்டாங்க. உங்கப்பன் கை உடைஞ்சு கிடந்த வருஷம் இதை யாரு பூசினான்னு நினைச்சே?"

மகள் ஏறினாள். கிழவி கீழிருந்து உருகின மெழுகை உள்ளங்கையில் ஏந்தி நீட்டினாள். சுட்டிருக்கும்; முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மகள் கட்டைவிரலால் எழுத்தெழுத்தாக அழுத்தினாள். கடைசிப் பள்ளம் மூடும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

அப்பா ஆயுசு முழுக்க உட்கார்ந்தது கடைசி பெஞ்சில், கதவோரம். தூக்கி வந்தவர்கள் அந்தப் பழக்கத்திலோ என்னவோ அங்கேயே தயங்கினார்கள்.

"அங்க என்ன நிக்கிறீங்க? இங்க கொண்டாங்க," என்றாள் கிழவி.

கல்லுக்கும் முதல் பெஞ்சுக்கும் நடுவில் இடம் குறுகல். பெட்டியை இறக்கும்போது இடிக்காமல் இருக்க, அவள் தன் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டாள்.