எலி கடிக்காத வயர்

வாஷிங் மெஷின் வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் பாதித் துவையலில் நின்றுவிட்டது. வந்த கம்பெனி மெக்கானிக் பின்மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்தார். "வயரை எலி கடிச்சிருக்கும்மா. இதுக்கு வாரண்டி கிடையாது" என்று கையை விரித்தார். தொழில் தெரிந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மாமியார் தலையாட்டப் போனாள்.

அதிர்ந்து பேசாத மருமகள் டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "அண்ணா, எலி கடிச்சா பல் தடம் இருக்கும். இது உருகியிருக்கு. மோட்டார் பக்கத்துல தொட்டுப் பாருங்க."

மெக்கானிக் தொட்டார். விரலெல்லாம் கரி.

"நீங்க சொல்றதுதான் சரி. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றவர், ஆபீசுக்கு போன் போட்டு, மோட்டார் கோளாறு என்றே பதியச் சொன்னார். மறுநாளே புது மோட்டார் வந்தது, மெஷின் ஓடியது.

அன்று மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் மாமியார் நிறுத்தி வைத்துச் சொன்னாள். "கம்பெனிக்காரரே வாயடைச்சுப் போயிட்டாரு! யாராலன்னு நினைக்கறீங்க? எங்க வீட்டு மருமகளால!"

"போதும் அத்தை, விடுங்க" என்று மருமகள் கூச்சத்தோடு கையைப் பிடித்து இழுத்தாள். மாமியார் விடுவதாக இல்லை.