எம்-சீல்

மஹீன் மூன்றாவது முறையாக லேப்டாப்பை ஆன் செய்தான். பென்டிரைவிலிருந்தே எழுந்து வந்த விண்டோஸ் ஏழு, பென்டிரைவே தெரியவில்லை என்று நின்றது.

ஜைபாவின் பட்டறையில் இருந்த கம்ப்யூட்டர் லேத்துக்கு விண்டோஸ் பத்து ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்து மணிக்குள் சரக்கு ஏறாவிட்டால் ஆர்டர் போச்சம்பள்ளிக்காரனுக்குப் போய்விடும். மணி பன்னிரண்டு.

"ஏழுக்கு இறக்கறேன்னு சொல்லி மொத்தமா சாவடிச்சிட்டியாடா?"

"வலப்பக்கத்து யூஎஸ்பி ஓட்டைங்க ரெண்டும் புதுசுக்கா, ஏழுக்குத் தெரியாது. இடப்பக்கம் இருக்கற பழசுல செருகணும்."

அந்த ஓட்டை அடைபட்டிருந்தது. மஹீன் முன்பு வேலை பார்த்த கம்பெனியின் ஏலத்தில் எடுத்த லேப்டாப் அது. பென்டிரைவில் யாரும் எதையும் திருடக் கூடாதென்று அங்கே எல்லா ஓட்டையையும் எம்-சீல் பசை வைத்து அடைப்பார்கள். வலப்பக்கத்தை அடைத்தவன் அரைகுறை, சுரண்டியதும் வந்துவிட்டது. இடப்பக்கத்தை அடைத்தவன் மஹீன், நைட் ஷிப்டை விட்டு ஓடுவதற்கு முந்தின வாரம்.

"நீ ஒழுங்கா செஞ்ச ஒரே வேலை இதுதானா?"

மஹீன் சால்டரிங் இரும்பைச் சூடாக்கினான். உள்ளே நான்கு பித்தளைத் தகடுகள். ஒன்று ஒடிந்தாலும் கதை முடிந்தது. பசை இளகியது. மூன்று தெரிந்தன. நான்காவது வளைந்து கிடந்தது. ஊசியால் நிமிர்த்தினான். பென்டிரைவைச் செருகி மறுபடி ஆன் செய்தான்.

திரையில் விண்டோஸ் ஏழு இறங்கும் பச்சைக் கோடு நகர்ந்தது. ஜைபா லேத்தில் கம்பியை மாட்டப் போனாள்.