நீலச் சட்டைக்காரன்

ஸ்கேன் அறையில் வேலை பார்த்தவள், தன் கணவனின் வயிற்றுக்குள் ஓர் ஆள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு. பித்தப்பைக் கல்லுக்காக வந்த கணவனை அவளேதான் மேஜையில் படுக்க வைத்திருந்தாள். இயந்திரம் துண்டு துண்டாக எடுத்துத் தரும் படங்களைத் திரையில் அடுக்கி முழு உடலாக்குவதும், தோலை நீக்கிச் சதையைக் கண்ணாடியாக்கித் திருப்பிப் பார்ப்பதும் அவள் வேலை. உள்ளே இருப்பதற்கு நிறம் கொடுப்பவளும் அவளே. எலும்புக்கு வெள்ளை, ரத்தக்குழாய்க்குச் சிவப்பு. நீலத்தை எதற்கும் கொடுத்ததில்லை. அந்த ஆளோ நீலச் சட்டை போட்டிருந்தான். எந்தப் பக்கம் திருப்பினாலும் கூடவே திரும்பி முதுகையே காட்டினான்.

நோயாளி மூச்சு விட்டதில் படம் அசைந்திருக்கும் என்றார் படம் படிக்கும் டாக்டர். மூச்சு விட்டால் சட்டை மாட்டிக்கொள்ளுமா என்று அவள் கேட்கவில்லை. இயந்திரக் கம்பெனிக்காரர் வந்து எல்லாப் படங்களையும் புதிதாகக் கணக்கிட்டு அடுக்கினார். காலர் தையல் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. வீட்டில் அலமாரியைக் குடைந்தாள். நீலச் சட்டை ஒன்றுகூட இல்லை. குளியலறையில் தனியாகச் சிரிப்பது யார், காலையில் சொன்னதைச் சாயங்காலம் மறுப்பது யார் என்று காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தாள். கடைசியில், அவன் நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டாள்.

"உங்களுக்குள்ள யாரு உட்கார்ந்திருக்கறது?"

அவன் தலை நிமிரவில்லை. "பாத்துட்டியா? எனக்கு முன்னாடியே இருக்கான். மூஞ்சிய நானும் பாத்ததில்ல."

கல்லை எடுக்க வயிற்றைத் திறக்கும்போதே அந்த ஆளையும் எடுத்துவிடலாமா என்று அறுவை டாக்டர் விசாரித்தார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருவரில், அப்பா செத்த அன்று தன்னைத் தாங்கிப் பிடித்தது எவன், வேலை போனதைத் தன்னிடம் மாதக்கணக்கில் மறைத்தது எவன்?

"நான் யாரக் கட்டிக்கிட்டேன்னே தெரியல டாக்டர். எதுக்கும் இருக்கட்டும்."

கல் மட்டும் வெளியே வந்தது. உள்ளே இருந்தவன் ஒதுங்கி வழிவிட்டான், நல்ல மாதிரி என்றார் டாக்டர். அதன்பின் வருடாவருடம் ஸ்கேன் எடுத்தாள். கீழிருந்தும் மேலிருந்தும் திடீரென்று திருப்பிப் பார்த்தாள், அவன் பிடிகொடுக்கவில்லை. கணவனுக்கு முன்பே அவன் பிடரி நரைத்தது. சந்தேகமும் குடும்பத்தில் ஓர் ஆளாகிவிட்டது. மரியாதைக்காக அவள் சொல்லிவந்த 'நீங்க' எப்போது பன்மையாயிற்று என்று அவளுக்கே தெரியாது. "சாப்பிட வாங்க" என்பாள். கணவன் வந்து உட்காருவான். அக்கம்பக்கத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.