கார்னியின் பதினோரு கோல்கள்

ஊர்ப் பனி அரங்கத்தின் முன்கூடத்துச் சுவரில் யார் படம் தொங்கலாம் என்பதை முடிவு செய்ய ஒரு குழு இருந்தது. கார்னி வீப்பின் பெயர் வரும்போதெல்லாம் அந்தக் குழு இரண்டாகப் பிளந்துகொண்டது. கார்னி பெரிய அணிகளில் பல வருடம் பனி ஹாக்கி ஆடியவன். ஆடினான் என்பதைவிட அடித்தான் என்பதே பொருத்தம். தன் அணியின் நட்சத்திரத்தை எவனாவது முட்டித் தள்ளினால், கையுறைகளை உதறிவிட்டு அவனிடம் போவதுதான் கார்னிக்குச் சம்பளம் கொடுத்த வேலை. முஷ்டியெல்லாம் ஆட்டமாகாது, பிள்ளைகள் பார்க்கிற சுவர் அது என்றது ஒரு பாதி. அதே சுவரில் முதலாவதாகத் தொங்குகிற நட்சத்திரம் பல் போகாமல் அத்தனை வருடம் ஆடியது யார் புண்ணியத்தில் என்று கேட்டது மறு பாதி.

இதற்கு வழி சொன்னவர் கார்னியின் தந்தை கெர்ஹார்ட் வீப். எண்பதைத் தாண்டியும் முதுகு வளையாத மனிதர். எந்தச் சண்டையும் பாவம் என்று நம்புகிற மென்னோனைட் கிறிஸ்தவ சபையில் மூப்பர். அவருடைய தகப்பனார் போர்க்காலத்தில் துப்பாக்கியைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அதற்குப் பதிலாக அரசு அனுப்பிய காட்டு முகாமுக்கு மரம் வெட்டப் போனவர். கை ஓங்காத குடும்பம் என்று கனடாவின் தெற்கு மானிட்டோபா முழுக்க வீப் குடும்பத்துக்குப் பேர். அந்த வீட்டுப் பையன் தொலைக்காட்சியில் அடுத்தவன் மூக்கை உடைத்தபோதெல்லாம், கெர்ஹார்ட் எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார். திரும்பி வந்து யார் ஜெயித்தது என்று கேட்டதில்லை.

கார்னி பதினோரு கோல் போட்டிருக்கிறான், அதற்காகப் படம் வையுங்கள், சண்டை என்ற சொல் எங்கும் வரக்கூடாது என்றார் அவர். குழுத் தலைவி லோர்னாவுக்குத் தலைவலி விட்டது. இரண்டு பாதியும் ஒத்துக்கொண்டன.

கார்னி அப்போது தந்தையின் வீட்டு நிலவறையில்தான் குடியிருந்தான். வாங்கிய அடிகளின் மிச்சமாக விரல்கள் நடுங்கும். சில நாள் காலையில் என்ன கிழமை என்று தெரியாது. விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான்.

"பதினோரு கோலா? அதுல பாதி எம் முதுகுல பட்டு உள்ள போனதுப்பா. நான் திரும்பிக்கூடப் பாக்கல."

"கணக்குல இருக்குல்ல. அது போதும்" என்றார் கெர்ஹார்ட்.

கார்னி தோளைக் குலுக்கினான்.

விழா விருந்து சபைக் கூடத்தின் கீழ்த்தளத்தில் நடந்தது. வெரனிகிக் கொழுக்கட்டையும் அதன்மேல் ஊற்றும் குழம்பும் புகையில் வாட்டிய பன்றி சாசேஜும் மணத்தன. கெர்ஹார்ட் கறுப்புக் கோட்டுடன் வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கைகொடுத்து வரவேற்றார். அவருக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி, கழுத்தை இறுக்கிய சட்டையில் கார்னி நின்றிருந்தான்.

வரிசையில் ஊரில் யாரும் பார்த்திராத ஒரு ஆள் வந்தான். கதவை அடைக்கிற உடம்பு. மூக்கு ஒரு பக்கமாகப் போய் மறுபக்கம் திரும்பியிருந்தது.

"ரெமி டெஷார்லே" என்றான், கையை நீட்டி. "உங்க பையன்கிட்ட அதிகமா அடி வாங்கினவன் நான்தான் ஐயா. இந்த மூக்கு அவன் கைவேலை."

கெர்ஹார்டுக்கு முகம் வெளுத்தது. இத்தனை வருடம் கழித்துக் கணக்குத் தீர்க்க வந்திருக்கிறான், அதுவும் சபைக் கூடத்தில், ஊர் பார்க்க. அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வீட்டார் ஒருவருக்குத் தீங்கு செய்திருந்தால் குடும்பத்தின் மூத்தவர் நேருக்கு நேர் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் தகப்பனார் அப்படித்தான் செய்வார். அவனுடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என் மகன் உங்களுக்குச் செஞ்ச பாவத்துக்கு எங்க குடும்பத்துச் சார்புல நான் மன்னிப்புக் கேக்கறேன். அவன் வழி தவறிட்டான். நாங்க அவனை அப்படி வளர்க்கல. தயவுசெஞ்சு இன்னிக்கு ஒரு நாள் சமாதானமாப் போயிடுங்க."

ரெமிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"எதுக்கு ஐயா மன்னிப்பு? சண்டையில நான் வழுக்கி விழுந்தா ஓங்கின கையை நிறுத்திட்டு, தலை பனியில இடிக்காமப் புடிச்சுக்குவான். நான் குடியை விட முடியாமக் கிடந்த வருஷம் வாரா வாரம் போன்ல கூப்பிட்டது அவன் ஒருத்தன்தான். இவனைப் பத்தி மேடையில ரெண்டு வார்த்தை நல்லது சொல்லலாம்னு வந்தேன்."

கெர்ஹார்ட் அப்போதும் கையை விடவில்லை. விட்டிருக்கலாம். கூடத்தின் கண்களெல்லாம் தன்மேல் இருக்க, சொன்னதைத் திரும்பப் பெற அவருக்குத் தெரியவில்லை.

"அந்தப் பேச்சு இங்க வேணாம்" என்றார்.

கார்னி முன்னால் வந்தான். முகத்தில் கோபம் இருந்திருந்தால் கெர்ஹார்ட் தாங்கியிருப்பார். காது மடல்வரை சிவந்து, திருடிப் பிடிபட்டவனைப் போல நின்றான்.

"என்னைப் பத்தி ஊரு என்ன சொன்னாலும் எனக்கு ஒண்ணுமில்லப்பா. எங்க வேலையைப் பாவம்னு சொல்லி இவன்கிட்டப் போயி மன்னிப்புக் கேட்டுட்டீங்களே." பிறகு ரெமியின் தோளைத் தொட்டு, "வாடா, வெளிய போலாம்" என்றான்.

இருவரும் படியேறி ரெமியின் வண்டிக்குப் போனார்கள். கார்னி மேல்கோட்டைக்கூட எடுக்கவில்லை.

விருந்து பரிமாறினார்கள். தலைமேசையில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. லோர்னா கெர்ஹார்டின் காதோரம் குனிந்து, கார்னி வராவிட்டால் படத்தின் கீழே மாட்டவிருந்த பெயர்ப் பலகையை அவரே வாங்கி நாலு வார்த்தை பேசிவிடட்டும் என்று கேட்டாள். அவர் மேடையேறினார். பலகையில் கார்னியின் பெயரும் பதினோரு கோல்களும் பித்தளையில் பளபளத்தன. பேசுவதற்கு எழுதி வைத்ததும் அந்தக் கோல்களைப் பற்றித்தான். ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். கோலை மட்டுமல்ல, பையன் ரத்தம் துப்பியதையும் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த அளவுக்குக்கூடத் தன் மகனை அவருக்குத் தெரியாது.

"என் மகன் வெளிய வண்டியில இருக்கான்" என்றார். "இந்தப் பலகையில இருக்கறது அவன் செஞ்ச வேலை இல்ல. நான்தான் இப்படி எழுதச் சொன்னேன்."

யாரும் கைதட்டவில்லை.  அவர் பலகையை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் கீழே இறங்கினார். சமையல்கட்டில் தட்டுகள் கேட்டு வாங்கினார். இரண்டு தட்டு நிறையப் பரிமாறிக்கொண்டு, ஒரு கையில் ஒன்றாக ஏந்தியபடி படியேறினார்.

வெளியே பனி பொடியாக விழுந்துகொண்டிருந்தது. ரெமியின் வண்டி எஞ்சின் ஓடியபடி நின்றது. கண்ணாடியெல்லாம் மூச்சுப் பட்டு மங்கியிருந்தது. உள்ளே எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். கார்னி அப்படிச் சிரித்து அவர் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. கண்ணாடியைத் தட்டக் கை காலியாக இல்லை.  குழம்பு ஆறிக்கொண்டிருக்க, அங்கேயே நின்றார்.

ஒருவழியாகக் கண்ணாடி இறங்கியது. "நீங்க தள்ளி நின்னாத்தான் ஐயா கதவு தெறக்க முடியும்" என்றான் ரெமி.

தள்ளி நின்றார். கார்னி கை நீட்டித் தட்டுகளை வாங்கினான். விரல்கள் நடுங்கியதில் குழம்பு அவருடைய கறுப்புக் கோட்டுக் கையில் சிந்தியது. அவர் துடைக்கவில்லை. பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தார். முன்னால் இருந்த இரண்டு பிடரிகளையும் பார்த்தபடி கேட்டார்:

"நீங்க ரெண்டு பேரும் மோதினீங்களே... எப்படி ஆரம்பிக்கும் அது?"

ரெமி கார்னியைப் பார்த்தான். கார்னி கொழுக்கட்டையை மென்று விழுங்கினான். திரும்பவில்லை.

"நீ சொல்லுடா" என்றான் ரெமியிடம். "என் வாயால இவருக்குச் சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு."